கறுப்பில்லாத எருமை

கல்முனை பஸாரில் பிரதான வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தப் போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. வாசலில் கண்ணாடி அலுமாரி. அதற்குள் பேனை, றப்பர், பசை, ஒற்றைக்கோட்டுக் கொப்பி, 12 நிறப் பெட்டி, 24 நிறப் பெட்டி. உள்ளே போட்டோ கொப்பி மெஷின், லெமினேட்டிங் மெஷின், தூசு படிந்த கணினி. அடையாள அட்டைப் படிவமும் பிறப்புச் சான்றிதழ்ப் படிவமும் சுவரில் கிளிப்பில் தொங்குகின்றன. காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு. அதன் கோடியில் இடம் கிடைத்தால் மெஷினுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கலாம். முன்னால் நின்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு அது தெரியாது.

அங்கே ஓர் எருமை உருவாகிக்கொண்டிருக்கிறது.

அஸர் தொழுது ஆட்கள் கலைந்த நேரம். காக்கா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மின்விசிறியை நிறுத்துகிறார். கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவர் காக்காதான். அறுபதைத் தாண்டிய ஆள், மருதமுனைச் சாரன், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுக்கமான மேசை. மேசையில் வெள்ளைப் பீங்கான் ஒன்று, ஜாம் போத்தல் இரண்டில் தண்ணீர், பழைய பெனியன் துண்டு, மூன்று டியூப். பலகையில் ஒரு தாள், நாலு பக்கமும் டேப் ஒட்டி இறுக்கியிருக்கிறது. தாளில் பென்சில் கோடு அதிகமில்லை. முதுகின் வளைவு, பின்னோக்கி வளைந்த கொம்புகள், தாழ்ந்து நிற்கும் கழுத்து. முதுகின்மேல் சின்னதாக ஓர் உண்ணிக்கொக்கு.

கிட்டங்கிப் பாலத்தைக் கடந்து மேற்கே வயல்வட்டைப் பக்கம் போகிறவர்கள் அன்றாடம் காணும் காட்சிதான் இது. சேற்றில் எருமை, எருமையில் கொக்கு. சட்டித் தயிர் வாங்கப் போகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

காக்கா தட்டைத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தாளை நனைக்கிறார். கொக்கின் ஓரத்தில் தூரிகை நின்று, வளைந்து, அதைச் சுற்றிப் போகிறது. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. கொக்குக்கு வெள்ளை பூசப்போவதில்லை. அவரிடம் வெள்ளை டியூபே கிடையாது. தாளின் வெள்ளைதான் கொக்கு. நீர்வர்ணத்தில் வெளிச்சம் எல்லாம் தாளுக்குச் சொந்தம். ஒரு தரம் மூடிவிட்டால் முழுதாகத் திரும்பக் கிடைக்காது. ஆகவே எதைப் பூசாமல் விடுவது என்பதை முதலே தீர்மானித்துவிட வேண்டும். எண்ணெய் வர்ணக்காரர் கடைசியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துக் கண்ணுக்கு உயிர் கொடுக்கலாம். இங்கே அந்தப் பொட்டைத் தொடக்கத்திலிருந்தே காவல் காக்க வேண்டும்.

கடை அலுமாரியில் விற்கும் பெட்டியில் கறுப்பு இருக்கிறது. மேசையில் இல்லை. இருக்கும் மூன்று டியூபில் ஒன்று அல்ட்ராமரைன் நீலம். ஒன்று பேர்ன்ட் சியன்னா எனப்படும் செங்காவி. மற்றது எலுமிச்சை மஞ்சள். பீங்கானில் நீலமும் செங்காவியும் சேர்கின்றன. தூரிகை நுனி ஈரத்தாளைத் தொட்டதும் வர்ணம் தானாகப் பரவுகிறது. வானம் படும் முதுகுப் பக்கத்தில் நீலத்தைக் கூட்டுகிறார். வயிற்றுப் பக்கத்தில், சேற்றின் சூடு ஏறும் இடத்தில், செங்காவி. கழுத்து மடிப்பில் இரண்டும் சமமாக இறங்கிக் கருமை தட்டுகிறது. அல்ட்ராமரைனின் துகள் ஒன்றோடொன்று திரளக்கூடியது. தாளின் சிறு பள்ளங்களில் போய்ப் படிந்துவிடும். செங்காவி அதைச் சுற்றி நிற்கும். கையெட்டும் தூரத்தில் பார்த்தால் நீலமும் காவியும் வேறு வேறாகக் கிடக்கின்றன. வாங்கிலிருந்து பார்த்தால் நனைந்த எருமைத் தோல்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பையன் படியேறி வருகிறான்.

“காக்கா, ஐடென்டிட ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல எடுத்துத் தாங்க.”

“ஒரு நிமிசம் பொறு மகன்.”

“டீ.எஸ். ஒபீஸ் பூட்டிருவாங்க காக்கா. நாலேகாலுக்கு மேல ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க.”

காக்கா தாளைச் சரித்துப் பார்க்கிறார். நனைந்த தாளில் மினுக்கம் இருக்கும்வரை வர்ணம் சொன்னபடி கேட்கும். மினுக்கம் போய் ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தில் தொடவும் கூடாது, விட்டுப்போகவும் மனம் வராது. எருமையின் பின்தொடையில் மினுக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அவர் தூரிகையைத் துண்டில் வைத்துவிட்டு எழும்புகிறார்.

மெஷின் மூடியைத் திறந்து, அட்டையை வைத்து, மூடி, அழுத்தி, மறுபக்கம் திருப்பி, அதே தாளைத் திரும்பச் செலுத்தி எடுக்கிறார். பையன் நாலு பிரதி கேட்கிறான். பிறகு அதிலொன்றை லெமினேட் பண்ணச் சொல்கிறான். பிறகு சில்லறை இல்லை என்கிறான். காக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையன் படியிறங்கியதும் அவர் கண் நேரே பின்தொடைக்குப் போகிறது.

ஓரம் காய்ந்து ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதை அழிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறார். தண்ணீர் அரைகுறையாகக் காய்ந்த வர்ணத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஓரம் பிசிறிய ஒரு பூவாக விரிகிறது. நீர்வர்ணம் பழகுகிறவர்கள் எல்லாரும் முதல் மாதத்தில் அழுவது இந்தப் பூவைப் பார்த்துத்தான். காக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு பூவின் ஓரத்தில் செங்காவி கொஞ்சம் தொட்டு விடுகிறார். எருமையின் பின்தொடையில் காய்ந்த சேறு அப்பிக்கொண்டது. முதலிலேயே அப்படி நினைத்திருந்தார் என்று யாரும் சொல்வார்கள்.

நீர்வர்ணத்தின் சேர்மானம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பொடித்த நிறத்துகள், அதைப் பிடித்து வைக்க அக்கேசியா மரத்துப் பிசின். பிசின் தண்ணீரில் கரையும்; காய்ந்தால் தாளோடு துகளை ஒட்டும். படலம் மெல்லியதாக இருப்பதால் வெளிச்சம் அதன் ஊடாகத் தாளுக்குப் போய், தாளில் பட்டுத் திரும்பி வரும். அதனால்தான் இந்த வர்ணத்துக்கு உள்ளிருந்து வரும் ஒரு பிரகாசம். அளவுக்கு மீறி மேலே மேலே பூசினால் வெளிச்சத்தின் வழி அடைபட்டுப் படம் சேறாகும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் ஒரு படி வெளிறும். பழக்கமில்லாதவர்கள் ஈரத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு, காய்ந்தபின் ஏமாறுவார்கள். காக்கா அதில் ஏமாறுவதில்லை. காரணம், அவர் வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொல்லும் பேச்சில் இருக்கிறது. அவருடைய வாப்பா மருதமுனையில் கைத்தறி நூலுக்குச் சாயம் போட்டவர். சாயத்தொட்டியிலிருந்து தூக்கிய நூல் கடும் நிறமாக இருக்கும். கொடியில் காய்ந்தபின் காட்டுவதுதான் அதன் உண்மை நிறம். சாரன் கட்டத்துக்கு வேண்டிய நீலத்தை ஈரத்திலேயே கணக்குப் பண்ணத் தெரியாதவன் சாயக்காரனில்லை என்பது வாப்பாட பேச்சாம். தறி மகனுக்கு வரவில்லை. அந்தக் கணக்கு வந்திருக்கிறது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆடி மாதத்துக் கச்சான் மேற்கேயிருந்து சூடாக வீசினால் தாள் கண்முன்னே காயும்; வானம் ஒன்றைப் பூசி முடிப்பதற்குள் மேல்பக்கம் கோடு விழும். அப்போது பலகையில் ஈரத் துணியை விரித்து அதன்மேல் தாளை வைக்கிறார். மாரியில் நேர்மாறு. வடகீழ்ப் பருவமழை இறங்கிக் கடல் இரையும் நாட்களில், பின்னேரம் நனைத்த தாள் மஃரிபுக்கும் காயாது. மெஷினில் பிரதி எடுத்து முடித்ததும் அதன் சூடான மூடிமேல் தாளைப் பரப்பிவிடுகிறார். போட்டோ கொப்பி மெஷினுக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பதை அதைச் செய்த கொம்பனி அறியாது.

படம் கீறும் இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால் “கரண்ட் போன பறக்கத்” என்று சிரிக்கிறார். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. கடதாசிக்கும் தட்டுப்பாடு. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையே அதனால் தள்ளிப்போனது. கரண்டும் கடதாசியும் இல்லாத நாட்டில் போட்டோ கொப்பிக் கடைக்காரருக்கு என்ன வேலை? திறந்த கடையில் சும்மா இருந்தவர், விற்காமல் கிடந்த நிறப் பெட்டி ஒன்றை உடைத்து, பழைய கலியாணக் கார்டுகளின் பின்பக்கத்தில் ஆடு கீறத் தொடங்கினார். வழவழப்பான கார்டில் வர்ணம் ஒட்டவில்லை. ஆடு வழுக்கிப் போனது. பிறகு மாடு. பிறகு சாவல். கரண்ட் திரும்பி வந்தது. கடதாசியும் வந்தது. அஸருக்குப் பிந்திய அந்த நேரத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

படம் கீறுவதற்கு அவர் வைத்திருக்கும் மாதிரிகள் விசித்திரமானவை. கைபேசியில் எடுத்த படத்தை மெஷினில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். உருவமும் நிழலும் போதும். நிறத்தைப் பார்த்தே எழுதினால் படத்தின் நிறம்தான் வரும், மிருகத்தின் நிறம் வராது என்பது அவர் கட்சி. நிறம் வேண்டுமென்றால் சுபஹுக்குப் பிறகு வட்டைக்கோ கடற்கரைக்கோ போக வேண்டும். கரைவலை இழுத்த காலையில் வாடியடியில் நின்று கிளிமீனைப் பார்த்துவிட்டு வந்ததாக ஒருவரிடம் சொல்கிறார். பச்சையும் நீலமும் ரோசாவும் செத்த கொஞ்ச நேரத்தில் மங்கிவிடுமாம். சந்தைக்கு வரும் கிளிமீனை நம்பி வர்ணம் கலக்கக்கூடாது என்கிறார்.

அபாயா அணிந்த தாயொருத்தி எட்டு வயது மகளோடு வருகிறாள்.

“காக்கா, இவக்கு இஸ்கூல்ல சித்திரப் போட்டியாம். மிருகம் ஒண்டு கீறணுமாம். நீங்களே கீறித் தாங்க, காசு தாறன்.”

“நான் கீறினா பரிச எனக்குத்தானே தங்கச்சி தரணும்.”

தாய் சிரிக்கிறாள். ஆனாலும் கொப்பியை நீட்டிக்கொண்டே நிற்கிறாள். காக்கா பிள்ளையைப் பார்க்கிறார்.

“மகள், என்ன கீறப் போறீங்க?”

“காகம்.”

“காகம் மிருகமில்ல புள்ள, பறவ” என்கிறாள் தாய்.

“அது கிடக்கட்டும். காகம் என்ன கலர்?”

“கறுப்பு.” இப்படியும் ஒரு கேள்வியா என்ற முகம்.

காக்கா கடையை விட்டு இறங்கி ஒழுங்கையில் நிற்கிறார். பிள்ளையும் இறங்குகிறது. எதிரே டயர்க் கடையின் தகரக் கூரையில் காகம் ஒன்று சரிந்த வெயிலில் உட்கார்ந்து அலகைத் தீட்டுகிறது.

“கழுத்தப் பாருங்க.”

பிள்ளை பார்க்கிறது. “சாம்பல்.”

“செட்டையில வெயில் பட்ட இடம்?”

இந்தத் தரம் பதில் உடனே வரவில்லை. காகம் தலையைத் திருப்புகிறது, செட்டையை ஒரு தரம் விரித்து மடிக்கிறது. “நீலம்” என்கிறது பிள்ளை. பிறகு, “இல்ல, கத்தரிப்பூ.”

“அப்ப கறுப்பு எங்க?”

பிள்ளை தேடுகிறது. தாய் பொறுமையிழந்து, “டீச்சர் கறுப்பெண்டுதானே சொல்லுவாங்க காக்கா” என்கிறாள்.

“டீச்சரும் ஒருக்கா வெளிய வந்து பாக்கட்டும்.”

அவர் கீறிக் கொடுக்கவில்லை. தாய் மனக்குறையோடு ஒரு 24 நிறப் பெட்டி வாங்கிக்கொண்டு போகிறாள். விற்பதா வேண்டாமா என்று அவர் கை ஒரு கணம் தயங்கியது. வியாபாரம் வியாபாரம்தான், விற்றார்.

வேறொரு நாள் தாடி அரும்பிய இளைஞன் ஒருவன் கேட்கிறான். குரலில் பணிவு இருக்கிறது.

“காக்கா, உயிருள்ளதக் கீறலாமா?”

“உலமாக்கள்ட கேளுங்க தம்பி. கேட்டுப்போட்டு எனக்கும் வந்து சொல்லுங்க.”

அவன் புன்னகைத்துவிட்டுப் போகிறான். இந்த ஊர்ப் பக்கங்களில் இது புதிய கேள்வியில்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் அவர்கள், மரங்களையும் உயிரில்லாதவற்றையும் வரையும்படி சொன்ன செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. ஆயிஷா நாயகியின் விளையாட்டுப் பொம்மைகளில் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்த செய்தியும் உண்டு. இவற்றை எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. காக்கா வாதத்துக்குப் போவதில்லை. கடைச் சுவரில் கலண்டரும் அரபு எழுத்தணி ஒன்றும் மட்டும் தொங்குகின்றன. மிருகங்கள் எல்லாம் மேசை லாச்சிக்குள் கோப்பில் கிடக்கின்றன. தூரிகையிலும் கவனம். எண்ணெய் வர்ணத்துக்கு உதவும் விறைப்பான வெள்ளை மயிர்த் தூரிகைகள் பெரும்பாலும் பன்றி மயிரில் செய்தவை. அவை அவர் கடைக்குள் வருவதில்லை. நீர்வர்ணத்துக்கு மெதுவான மயிர் போதும். அவர் கையில் இருப்பது நைலோன்.

கேள்வி பழையது, கீறிய கைகளும் பழையவை. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவையில் உஸ்தாத் மன்சூர் தாளில் நீர் கலந்த வர்ணத்தால் பறவைகளையும் மிருகங்களையும் எழுதினார். பேரரசர் அவருக்கு ‘காலத்தின் அபூர்வம்’ என்று பொருள்படும் பட்டம் கொடுத்தார். 1621இல் அரசவைக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. யாரோ வரி வரியாக வர்ணம் பூசிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டார்களாம். நன்றாகச் சோதித்துப் பார்த்தபின்தான் அது படைத்தவன் பூசிய வர்ணம் என்று தெளிந்ததாக ஜஹாங்கீரே தம் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மன்சூர் எழுதிய அந்த வரிக்குதிரை இன்று லண்டன் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் பூண்டோடு அழிந்துபோன டோடோப் பறவையை உயிரோடு பார்த்து எழுதிய படம் என்று மன்சூர் பெயரில் ஒன்று ரஷ்யாவில் இருக்கிறது. அந்தக் காலத்து நீலம் ஆப்கானிஸ்தான் படக்ஷான் மலைக் கல்லை இடித்து எடுத்தது. பொன்னோடு விலை பேசப்பட்டது. 1820களின் கடைசியில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி பிடிபட்டது. இல்லாவிட்டால் கல்முனைக் கடையொன்றின் மேசைக்கு அல்ட்ராமரைன் வந்திருக்காது.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த ஜோன் கிடியோன் லோட்டன், இந்தத் தீவிலேயே பிறந்த பீட்டர் கொர்னேலிஸ் டி பெவர் என்பவரைக் கொண்டு இங்குள்ள பறவைகளையும் மிருகங்களையும் நீர்வர்ணத்தில் எழுதுவித்தார். இரு நூற்றாண்டு கழித்து, தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஜி. எம். ஹென்றி 1955இல் இலங்கைப் பறவைகள் பற்றிய தம் நூலைத் தாமே எழுதிய வண்ணப் படங்களோடு கொண்டுவந்தார். பறவை பார்ப்பவர்கள் அந்த நூலை இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள்.

காக்காவின் கோப்பை உரிமையோடு திறந்து பார்க்கிற ஆள் ஒருவர்தான். பாண்டிருப்புப் பக்கமிருந்து வரும் சித்திர ஆசிரியர். வினாத்தாள் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு, லாச்சியைத் தானே இழுத்து, கோப்பை மடியில் வைத்துக்கொள்கிறார். வாங்கில் பக்கத்தில் இருப்பவருக்கும் அது தெரிகிறது.

மாலையில் வீதி நடுவே படுத்து அசைபோடும் மாடு. அதன் முதுகில் பஸ்ஸின் முன்விளக்கு மஞ்சளாகப் படிகிறது. சந்தாங்கேணி மைதானத்து ஓரத்தில் வேலிமேல் கால் வைத்து நிற்கும் ஆடு. வெள்ளாடுதான், ஆனால் நிழல் பக்கமெல்லாம் ஊதா. வாய்க்கால் கட்டில் உடும்பு. பூவரசங் கொப்பில் மீன்கொத்தி.

“இந்த மீன்கொத்திக்கு எந்த நீலம் காக்கா?”

“அதே நீலம்தான் சேர். வேற நீலம் வாங்கிக் கட்டுமா?”

ஆசிரியர் சிரித்துக்கொண்டே, மீன்கொத்தியின் இறகில் நீலச் சாயமே இல்லை என்கிறார். இறகின் நுண்ணிய கட்டமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. மயிலுக்கும் ஏறக்குறைய அதே வித்தைதான் என்று விளக்குகிறார். காக்கா பிரதி எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். “அப்ப அதுவும் தாள்ட வெள்ள மாதிரித்தான், வெளிச்சத்துட வேல” என்று சொல்லிவிட்டு மெஷினை மறுபடி அழுத்துகிறார்.

ஆசிரியர் புரட்டுகிறார். அடுத்த தாளில் யானைகள். கோப்பிலேயே அதிக நிறமுள்ள படம் இதுதான். ரோசா, பச்சை, இளநீலம், செம்மஞ்சள். கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் அந்த நிறம் எதுவும் யானையில் இல்லை என்பது தெரியும். எல்லாம் குப்பைமேட்டில் பறக்கும் சொப்பிங் பேக்குகள். நடுவே மூன்று யானைகள், நீலமும் செங்காவியும் கலந்த மங்கலில். ஒன்றின் தும்பிக்கையில் மெல்லிய ரோசாப் பேக் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேடு. அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று முந்தைய 8 ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அந்தக் குப்பை சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து போவது. உணவு வாடை ஒட்டிய பேக்கை யானை உணவென்றே விழுங்குகிறது; குடலில் அடைத்துக்கொள்கிறது.

ஆசிரியர் அந்தத் தாளில் நெடுநேரம் நிற்கிறார்.

“யானைக்குக் கலரில்ல சேர். பேக்குகளுக்குத்தான் கலர்” என்கிறார் காக்கா.

ஆசிரியர் தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். அவர் சோதிப்பது தாளைத்தான். பருத்திக் கூழில் செய்த தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம். மெஷினுக்குள் போகும் ஏ4 தாள் 80 கிராம்தான். கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் சித்திரக் கொப்பித் தாளும் அதைவிட அதிகம் தடிப்பில்லை. தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும். இரண்டாம் தரம் தூரிகை பட்டால் நார் உரிந்து உருளும். அந்தத் தாளில் ஈரத்தின்மேல் ஈரம் பூசுவது மன்சூருக்கும் முடியாது. பட்னாவிலிருந்து வந்த ஷேக் ஸைனுத்தீன் 1777 முதல் கல்கத்தாவில் நீதியரசர் இம்பேயின் மனைவி மேரி வளர்த்த பறவைகளையும் மிருகங்களையும் எழுதியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த வாட்மன் தாளைத்தான் பயன்படுத்தினார். அந்தப் படங்கள் இன்னும் பளிச்சென்று இருப்பதற்குக் கைத்திறனோடு தாளும் காரணம்.

காக்கா அந்தப் பெரிய தாளை முழுசாகப் பயன்படுத்துவதில்லை. கொழும்பு போகிற யாரிடமாவது சொல்லி ஒன்றிரண்டு எடுப்பித்து, கடை வேலைக்கு வைத்திருக்கும் வெட்டுக் கத்தியால் எட்டாக வெட்டிக்கொள்கிறார். பெரிய தாளொன்றின் விலை சோற்றுப் பார்சல் விலைக்கு மேல். ஆனால் மூன்று டியூபும் ஒரு வருசத்துக்கு மேல் வருகின்றன. கணக்குப் பார்த்தால் அலுமாரியில் இருக்கும் 24 நிறப் பெட்டியை அடிக்கடி வாங்கும் வீட்டைவிடச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை.

அந்தக் கடையின் வாங்கில் இருந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. “எனக்குச் சித்திரம் வராது” என்று பத்து வயதில் முடிவெடுக்கும் பிள்ளைகளில் பாதிப்பேரைத் தோற்கடித்தது கையில்லை, கொப்பித் தாள். மீதிப்பேரைத் தோற்கடித்தது, யானை என்றால் சாம்பல், காகம் என்றால் கறுப்பு என்று பெட்டியைப் பார்த்து நிறம் சொல்லிக் கொடுத்த பெரியவர்கள். பெட்டியில் நிறம் கூடக்கூட, கலக்க வேண்டிய தேவை குறைகிறது. கலக்காதவர்களுக்கு வெளியே போய்ப் பார்க்கும் தேவையும் இல்லை.

ஆகவே பிள்ளைக்கு நீர்வர்ணம் வாங்கப் போகிற வாப்பா உம்மாமாருக்கு, அம்மா அப்பாமாருக்கு ஒரு வார்த்தை. 24 நிறப் பெட்டியை அலுமாரியிலேயே விட்டுவிடுங்கள். ஒரு நீலம், ஒரு காவி, ஒரு மஞ்சள் போதும். மிச்சக் காசுக்குத் தடித்த தாள் வாங்குங்கள். போட்டிக்கென்று நீங்களே கீறிக் கொடுக்காதீர்கள். கடைக்காரரிடம் காசு கொடுத்தும் கீறுவிக்காதீர்கள். ஆடோ மாடோ காகமோ ஒழுங்கையிலேயே நிற்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். முதல் நாலு எருமையும் சேறாகத்தான் வரும். ஐந்தாவது எருமைக்கும் வீட்டில் தாள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.